ஆருக்குக் கன்னியா?

கன்னியாவுக்குப் போகிறோம் என்று திருகோணமலையில் யாரிடமாவது சொன்னால், மறுவார்த்தையாக வருவது "ஆருக்கு?" என்ற கேள்விதான். எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவும் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் கழிக்கவும் தலைமுறை தலைமுறையாக எங்கள் சனம் போய்வந்த இடம் அது. அங்கே நீராடுவது, போனவர் ஒருவரின் பொருட்டு இருப்பவர்கள் செய்கின்ற காரியம். சும்மா குளித்துக் களைப்பாறிவர அங்கே போனதாக எங்கள் அம்மாவின் தலைமுறையில் ஒருவர் சொல்லியிருந்தால், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அயலவர்கள் நினைத்திருப்பார்கள்.

2024ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள், ஏப்ரல் 24ஆம் திகதி புதன்கிழமை, நாங்கள் மூவர் அங்கே சும்மா குளிக்கப் போனோம். நான், அக்கா, சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்த அண்ணா. அந்தப் பகற்பொழுதைப் பற்றி எழுதவே இதைத் தொடங்கினேன். ஆனால் அதற்கு முன்னர், வேறொரு நாட்டில் வேறொரு வெந்நீரில் கழிந்த இன்னொரு பகற்பொழுதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

*

அண்ணா 1986இல் நாட்டைவிட்டுப் போனவர். பேர்ண் நகரில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் கோப்பை கழுவத் தொடங்கி, பின்னர் அதே சமையற்கட்டில் சமையற்காரராகி, ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் என்ற கணக்கில் இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் நின்றபடியே உழைத்தார். அந்த உழைப்புக்கு அவருக்குக் கிடைத்தவை ஒரு வீடு, படித்து ஆளான இரண்டு பிள்ளைகள், தேய்ந்துபோன இரண்டு முழங்கால்கள். 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு கருத்தரங்கின் பொருட்டு நான் ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது அவரிடம் ஒரு கிழமை தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், "வா, உன்னை ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். துவாயும் அரைக்காற்சட்டையும் எடு" என்றார்.

பேர்ணிலிருந்து புறப்பட்ட தொடருந்து, 2007இல் திறக்கப்பட்ட, முப்பத்துநான்கு கிலோமீற்றருக்கும் மேல் நீளமான லொட்ச்பெர்க் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலைத்தொடரின் அடியால் ஓடி மறுபுறத்தில் வெளிவந்தது. பின்னர் லொய்க் என்ற சிற்றூரில் இறங்கி, வளைந்து வளைந்து ஏறும் ஒரு பேருந்தில் மேலே போனோம். லொய்கர்பாத் என்ற அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூன்று புறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றின்மேல் பனி. நடுவே ஆவி பறக்கும் குளங்கள். மலையடியிலிருந்து 51 பாகை வரையான வெப்பத்தோடு நாளொன்றுக்கு 39 இலட்சம் லீற்றர் நீர் அங்கே ஊறிவருகிறது. உரோமர் காலத்திலேயே அறியப்பட்ட ஊற்றுகள். அந்த நீரை உடல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் குளங்களில் விட்டிருக்கிறார்கள்.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. நாங்கள் கழுத்தளவு வெந்நீரில் இருந்தோம். தலையில் விழுந்த பனித்துகள்கள் காதோரமாக உருகி வழிந்தன. சுற்றிலும் முதியவர்கள் கண்களை மூடிக்கொண்டு மிதந்தார்கள். ஒருவரும் உரக்கப் பேசவில்லை. ஊரில் குளிப்பதென்றால் வாளியின் சத்தமும் துலாவின் சத்தமும் தண்ணீர் எறியும் சத்தமும் சேர்ந்த ஒரு ஆரவாரம். இங்கே கோயில் மூலஸ்தானத்தில் நிற்பதுபோல எல்லோரும் அடங்கியிருந்தார்கள். அண்ணா கைகளை விரித்து மல்லாந்து கிடந்தார். அவருடைய முகம் அப்படித் தளர்ந்து கிடந்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

அந்த ஊருக்கு எழுத்துலகில் ஒரு பெயருண்டு. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் 1951இலும் அதை அடுத்தும் அங்கே தங்கி, தமது முதல் நாவலை எழுதி முடித்தார். அதுவரையில் கறுப்பு மனிதர் ஒருவரைக் கண்டிராத மலைக்கிராமம் அது. அந்த அனுபவத்தை வைத்து, கிராமத்தில் அந்நியனாக இருப்பதுபற்றி அவர் எழுதிய கட்டுரை 1953இல் வெளிவந்தது. பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் அதைக் கல்லச்சுப் பிரதியாக எங்களுக்குத் தந்திருந்தார். இதை அண்ணாவிடம் சொன்னேன். அவர் கண்களைத் திறக்காமலே, "நான் வந்த புதுசிலை பஸ்ஸிலை எனக்குப் பக்கத்து இருக்கை காலியாத்தான் இருக்கும். இப்ப இந்தத் தண்ணிக்குள்ளை எல்லாரும் ஒரே நிறமாத்தான் சிவந்துபோய்க் கிடக்கிறம்" என்றார். பிறகு சற்றுப் பொறுத்து ஒரு தகவல் சொன்னார். மலைமேல் பெய்யும் மழையும் பனியும் பாறைக்குள் இறங்கி, ஆழத்துக்குப் போய்ச் சூடேறி, மறுபடியும் ஊற்றாக வெளியே வருவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகுமென்று அங்கே சொல்கிறார்கள்.

"கணக்குப் பார்" என்றார். "இந்தத் தண்ணி எழுபத்திரண்டிலை பெய்த மழை. அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா இருந்தவ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குமேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிவரும் வழியில், பேருந்தில், சன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "அம்மாவுக்குக் கன்னியாவிலை செய்யேல்லை, என்ன?"

*

செய்யவில்லை.

அம்மா காலமானது 1990ஆம் ஆண்டின் கடைசியில், அன்புவழிபுரத்து வீட்டில். அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டிருந்தது. திருகோணமலை மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்கள் பல வெறுமையாகிக் கிடந்தன. சனங்கள் முகாம்களிலும் காடுகளிலும் படகேறி இந்தியாவிலுமாகச் சிதறியிருந்தார்கள். நகரிலிருந்து கன்னியா ஐந்து மைல்தான். அநுராதபுர வீதியால் போய் இடதுபுறம் திரும்பினால் வந்துவிடும். ஆனால் அந்த ஐந்து மைல், அந்தக் காலத்தில், ஐந்நூறு மைலுக்குச் சமம். காவலரண்களைத் தாண்டி, காட்டோரமாக, கையில் எள்ளும் தர்ப்பையுமாக எவர் போவார்?

தாய்க்கு இளைய மகன் கொள்ளிவைப்பது எங்கள் வழக்கம். ஆகவே கொள்ளி வைத்தவன் நான். அண்ணாவுக்குச் செய்தி சொல்லவே பதினொரு நாள் ஆயிற்று. கொழும்பிலிருந்த ஒரு நண்பர்மூலம் தந்தி போனது. அவர் வரவும் முடியாது, அழைக்கவும் முடியாது. அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் விடியற்காலை அக்கா ஒரு வேலை செய்தார். அடுப்படியில் இருந்த பாத்திரங்களில் ஏழைத் தெரிந்தெடுத்தார். ஒரு பித்தளைக் கிடாரம், இரண்டு குடம், ஒரு பெரிய சருவச்சட்டி, சோற்றுப்பானை, கேத்தல், கடைசியாகப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் சிறிய சட்டி. மாரிகாலம். விறகு நனைந்து புகைந்தது. ஊதி ஊதி அக்காவின் கண்கள் சிவந்துவிட்டன. எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீரைச் சுடவைத்து, ஒன்று கொதிக்க, ஒன்று வெதுவெதுக்க, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் வருமாறு இறக்கி, கிணற்றடியில் வரிசையாக வைத்தார். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் ஏழுவிதச் சூடு என்பது எங்கள் ஊரின் பேச்சு.

கிரியைக்கு வந்திருந்த முதியவர் அதைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "இதுவும் அதுதான் பிள்ளை. நிலத்துக்குள்ளை சுட்டால் என்ன, அடுப்பிலை சுட்டால் என்ன" என்று சொல்லி, ஏழிலும் ஒவ்வொரு செம்பு அள்ளி என் தலையில் ஊற்றினார். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஏழாவது செம்பு, பால்சட்டியில் இருந்தது, ஆறிப்போயிருந்தது.

*

இராவணன் கதையும் ஒரு தாயின் ஈமக்கடன் பற்றியதுதான். இராவணனின் தாய் பெரிய சிவபக்தை. அவளுடைய வழிபாட்டுக்காகக் கோணமலையையே பெயர்த்தெடுக்க அவன் முயன்றான். அந்த முயற்சியின் அடையாளமாகத்தான் கோணேசர் கோயிலருகே செங்குத்தாகப் பிளந்துகிடக்கும் பாறையை இன்றைக்கும் 'இராவணன் வெட்டு' என்கிறோம். அந்த வேளையில் திருமால் ஒரு முதிய அந்தணர் வடிவில் வந்து, தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தியைச் சொல்லி, கிரியை செய்வதற்காக அவனைக் கன்னியாவுக்கு அழைத்துச் சென்று, கையிலிருந்த தடியால் ஏழிடங்களில் ஊன்ற, ஏழு ஊற்றுகள் பிறந்தன என்பது ஒரு கதை. இராவணனே தன் வாளால் நிலத்தைக் குத்தினான் என்பது இன்னொரு கதை. எப்படியாயினும், பத்துத் தலையும் இருபது கையும் கொண்டவனாகச் சொல்லப்படும் ஓர் அரசன், தாய் செத்த செய்தி கேட்டவுடன் எல்லாவற்றையும் கைவிட்டுக் குளிக்கப் போன இடம் அது. கம்பன் கண்ட இராவணனைவிட இந்த இராவணன் எங்கள் ஊருக்கு நெருக்கமானவன்.

நிலவியலாளர்கள் சொல்லும் கதை வேறு. இலங்கையில் எரிமலை இல்லை. ஆனாலும் கன்னியாவில் தொடங்கி, மகாஓயா வழியாக, தெற்கே அம்பாந்தோட்டையின் மகாபெலஸ்ஸ வரையில் ஒரு வளைகோடு போல வெந்நீரூற்றுகள் இருக்கின்றன. தீவின் அடித்தளமான இரண்டு பழம்பாறைத் தொகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் எல்லையை ஒட்டியே இவை பெரும்பாலும் அமைந்திருக்கின்றன. மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் போகப் போக வெப்பம் கூடுவது இயற்கை. ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது பாகை கூடும். சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பால் மேலெழுகிறது. மகாஓயாவின் நீர் ஐம்பது பாகைக்கும் மேல் சுடும். கன்னியாவினது நாற்பது பாகையை ஒட்டி நிற்கும், சாந்தமான சூடு. ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் அதே காரியம்தான் இங்கேயும் நடக்கிறது.

மூன்றாவது கதை ஒன்றும் உண்டு. அதை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். கிணறுகள் அமைந்த இடத்தை அநுராதபுரக் காலத்துப் பௌத்த மடாலயத் தொகுதி ஒன்றின் பகுதி என்று தொல்லியல் திணைக்களம் சொல்கிறது. 2011இல் அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழுப்பும் முயற்சி நடப்பதாக 2019இல் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஆண்டு ஜூலை 16ஆம் திகதி, தென்கயிலை ஆதீனத்தின் அழைப்பில் திரண்ட மக்களை வழியிலேயே பொலிஸார் மறித்தார்கள். ஆதீன முதல்வர்மீது தேநீர் வீசப்பட்டதாகவும் செய்தி வந்தது. அடுத்த கிழமை திருகோணமலை மேல் நீதிமன்றம், அந்த மேட்டில் கட்டடம் எழுப்புவதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

அந்தச் செய்திகள் கொழும்பில் என் மேசைக்குத்தான் வந்தன. மூன்று பத்தி அளவுக்கு வந்ததை ஒன்றரைப் பத்தியாக்கினேன். தலைப்பிட்டேன். 'வெந்நீரூற்று' என்பதை எப்படி எழுதுவதென்று இளைய உதவியாசிரியருக்கு விளக்கமும் சொன்னேன். அன்றிரவு வீடு திரும்பும்போதுதான் ஒரு காரியம் உறைத்தது. போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதை திறந்து கிடந்தது. ஆண்டில் இருமுறையாவது நான் அன்புவழிபுரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு தடவையேனும் கன்னியாவுக்குப் போகவில்லை. தமிழரின் மரபுரிமை என்று தலைப்பில் எழுதிய கை, அந்த நீரில் ஒரு தடவை நனைந்திருக்கவில்லை. பாதை மூடியிருந்தபோது போகமுடியாமற் போனது துயரம். திறந்திருந்தபோது போகாமல் விட்டதற்கு என்ன பெயர்? பால்சட்டித் தண்ணீரோடு அந்தக் கடன் கழிந்துவிட்டதென்று நம்ப விரும்பினேனோ என்னவோ.

*

அண்ணா வருவதற்கு மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. இடையில் பெருந்தொற்று, பின்னர் 2022இன் எரிபொருள் வரிசைகள். ஒருவழியாக 2024 ஏப்ரலில், ஒரு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து, மற்றதற்குத் திகதி குறித்துவைத்துவிட்டு வந்தார். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி, தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை என்பது எங்கள் விரத ஒழுங்கு. அக்கா அன்றைக்கு வழமைபோல விரதமிருந்தார். கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்தார்கள். சித்திரைக் கஞ்சி வார்த்தார்கள். மூவரும் குடித்தோம்.

மறுநாட் காலையில் அக்காதான் சொன்னார்: "வெளிக்கிடுங்கோ. கன்னியாவுக்குப் போவம்."

"ஐயரிட்டைச் சொல்ல வேணுமே?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். கிரியை ஒண்டுமில்லை. பெரியவன்ரை காலுக்கு நல்லது. குளிச்சிட்டு வருவம்."

எழுபதை நெருங்கும் அக்காவின் வாயிலிருந்து இப்படியொரு சொல் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் ஓட்டோவில் ஏறினோம். வேலியால் எட்டிப்பார்த்த அயல்வீட்டு அம்மா, துவாயையும் வாளியையும் கண்டுவிட்டு, "கன்னியாவுக்கோ? ஆருக்கு?" என்று கேட்டார். ஓட்டோ புறப்பட்டுவிட்டதால் பதில் சொல்ல நேரமிருக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஏழரை மணி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தோம். லொய்கர்பாத்தைக் கண்டவனுக்கு இங்கே பார்ப்பதற்குப் பெரிதாக எதுவுமில்லை. இடுப்பளவு மதிலுக்குள் ஏழு சதுரக் கிணறுகள். கிணறு என்ற சொல்லே பெரிது. ஓராள் ஆழங்கூட இல்லாத கற்றொட்டிகள். அடியில் கிடக்கும் கல் தெரியுமளவுக்குத் தெளிந்த நீர். அவ்வப்போது அடியிலிருந்து ஒரு குமிழி மேலே வந்து உடைகிறது. உள்ளே இறங்க முடியாது. வாளியால் அள்ளி வெளியே நின்று வார்க்க வேண்டும். சவர்க்காரம் கூடாது.

அக்கா ஒவ்வொரு கிணற்றிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவதில் நின்று, "இதுதான் கேத்தல்" என்றார். எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அண்ணாவுக்கு விளங்கவேயில்லை. அந்த விடியற்காலையையும் ஏழு பாத்திரங்களையும் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளாகத் தொலைபேசியில் எத்தனையோ கதைத்திருக்கிறோம். இதைக் கதைக்கவில்லை.

அக்கா கிணற்று மதிலில் சாய்ந்துகொண்டு சொன்னார். நனைந்த விறகு, கிடாரம், கிரியைக்கு வந்த முதியவர், என் தலையில் ஊற்றிய ஏழு செம்பு எல்லாவற்றையும் சொன்னார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிந்ததும் வாளியை எடுத்து முதற் கிணற்றில் அள்ளத் தொடங்கினார். மாற்றாத முழங்கால் மடங்க மறுத்தது. நான் கைகொடுக்கப் போவதற்குள், பக்கத்தில் பேரப்பிள்ளைகளைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்த ஒரு சிங்கள மூதாட்டி வாளியை அவர் கையிலிருந்து வாங்கி, நிரப்பி, நீட்டினார். 'மகனே, தலைக்கு வேண்டாம், முதலில் முழங்காலுக்கு ஊற்று' என்று சிங்களத்தில் சொன்னார். தமது முழங்காலையும் தட்டிக்காட்டிச் சிரித்தார். அநுராதபுரப் பக்கத்திலிருந்து முந்தினநாட் போயா விடுமுறைக்குக் கோணேசர் கோயிலும் கடலும் பார்க்கவந்த கூட்டம்.

இதை வைத்து இன நல்லுறவுபற்றி ஒரு பத்தி எழுதிவிடலாம். எழுதுவது என் தொழில். எழுதப்போவதில்லை. நான்கு எட்டுத் தள்ளி, யாருடையது என்று வழக்காடப்பட்ட மேடு இருக்கிறது. ஒரு வாளி தண்ணீர் அதைத் தீர்த்துவிடாது. அதேபோல, அந்த மேடு அந்த மூதாட்டியின் வாளியைப் பொய்யாக்கிவிடவும் மாட்டாது. கன்னியாவிலிருந்து சில மைல் தள்ளி வெல்கம் விகாரை இருக்கிறது. எங்கள் சனம் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அந்தப் புத்தர் கோயிலுக்குத் தமிழர்கள் விளக்கும் பசுவும் கொடுத்த செய்தியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. பதினொராம் நூற்றாண்டில் இந்தக் காட்டில் இருந்தவர்களுக்குத் தமிழராகவும் பௌத்தராகவும் இருப்பதில் சிக்கல் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. இங்கே ஒரு பௌத்தப் பள்ளி இருந்திருக்கலாம் என்றால் எனக்கு அதில் வருத்தமில்லை. அப்படி இருந்ததனால் எங்கள் அம்மாமாரின் முப்பத்தோராம் நாள் இங்கே இருந்ததில்லை என்றாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

அண்ணா ஏழு கிணறுகளிலும் வரிசையாக அள்ளி வார்த்தார். முதல் மூன்று வாளியும் முழங்காலுக்கு; மற்றவை தலைக்கு. கண்களை மூடிக்கொண்டு நின்றார். லொய்கர்பாத்தில் பார்த்த அதே முகம். ஆனால் இங்கே மௌனம் இல்லை. பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டார்கள். வெளியே சோளப்பொத்தி விற்பவர் கூவினார். மந்திரம் சொல்ல ஒருவருமில்லை. எள்ளில்லை, தர்ப்பையில்லை.

ஏழாவது வாளியை அவர் என்னிடம் நீட்டினார். "இது நீ வார்" என்றார். வார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை சூடாக இருந்தது.

*

அதற்குப் பிறகு நடந்தவை சொல்லுமளவுக்குப் பெரியவை அல்ல. மரநிழலில் ஈரத்தோடு உட்கார்ந்து சோளப்பொத்தி தின்றோம். வெந்நீரில் குளித்தபின் வீசும் காலைக்காற்று உடம்பில் படுவது தனிச்சுகம். அண்ணா தமது முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்து, "சுவிஸிலை இதுக்குக் காப்புறுதிக்காரன் பத்துக் கடிதம் எழுதுவான்" என்றார். லொய்கர்பாத்தில் 40 ஆண்டு என்றார்களே, இங்கே எத்தனை ஆண்டுத் தண்ணீர் என்று என்னைக் கேட்டார். எந்த ஆண்டாக இருந்தாலும் அம்மா குடித்த மழையாகத்தான் இருக்கும் என்றார் அக்கா. நிலவியல் பிழையாக இருக்கலாம். நாங்கள் இருவரும் திருத்தவில்லை.

பதினொரு மணிக்கு வீடு திரும்பினோம். அக்கா ஈரச்சேலையைக் கொடியில் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். விளைமீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் பாற்சொதியும் வைத்தார். சாப்பிட்டபின் விறாந்தையில் பாயை விரித்து மூவரும் படுத்தோம். நாங்கள் மூவரும் ஒரே பாய்வரிசையில் பகலில் படுத்துறங்கியது 1986க்குப் பிறகு அதுதான் முதற்தடவை. அண்ணா படுத்தவுடனே குறட்டைவிடத் தொடங்கிவிட்டார். எனக்கு உறக்கம் வரவில்லை. வரவேண்டுமென்ற அவசரமும் இருக்கவில்லை. கைத்தொலைபேசியை அணைத்துவைத்திருந்தேன். கொழும்பில் ஏதாவது நடந்திருந்தால் நாளைக்குப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னேரம் நான்கு மணிபோல அயல்வீட்டு அம்மா தேங்காய் கடன்கேட்டு வந்தார். காலையில் பதில் கிடைக்காத கேள்வியை அவர் மறந்திருக்கவில்லை.

"விடியக் கன்னியாவுக்குப் போனியள். ஆருக்கு?"

அக்கா தேங்காயைத் தட்டிப்பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஒருத்தருக்கும் இல்லை. எங்களுக்குத்தான். சும்மா குளிக்கப் போனனாங்கள்."

அந்த அம்மா அக்காவை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, தேங்காயை வாங்கிக்கொண்டு போனார்.